ஒன்றரை மாத ஊசி: அரசு பென்டாவா, தனியாரின் 'வலியில்லாத' ஊசியா?

குழந்தைக்கு நாற்பது நாள் தாண்டியதுமே வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை இலவசமாகப் போடும் பென்டா ஊசி போதுமா, குழந்தை மருத்துவரிடம் தவணைக்கு மூவாயிரத்துக்கு மேல் கொடுத்து வலியில்லாத ஊசி போடலாமா? "ராத்திரி முழுக்க அழுவான், கால் வீங்கிப்போகும்" என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துவார்கள். "காசு இருந்தால் நல்லதையே போட வேண்டியதுதானே" என்பார் மாமனார். காசு கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று அவர் நினைப்பதில்தான் சிக்கல். இந்த ஊசி விஷயத்தில் அந்தக் கணக்கு சரிவராது.

பென்டாவேலன்ட் ஊசி ஐந்து நோய்களுக்கானது: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும். இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தனியாரிடம் போடும் ஹெக்ஸாக்ஸிம், இன்ஃபான்ரிக்ஸ் ஹெக்ஸா போன்றவற்றில் இந்த ஐந்தோடு போலியோவும் சேர்ந்து ஆறு. மற்ற பகுதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். காய்ச்சல், வீக்கம், பாதுகாப்பு எத்தனை வருடம் நிற்கும் என்பது எல்லாமே கக்குவான் இருமலுக்கான பகுதியைப் பொறுத்தது.

அரசு ஊசியில் கொல்லப்பட்ட கக்குவான் பாக்டீரியா முழுசாக இருக்கிறது. அதன் மேல்தோலில் உள்ள நச்சுப்பொருளும் கூடவே உள்ளே போகிறது. உடல் அதைப் பார்த்ததும் பலமாக எதிர்வினை காட்டும். காய்ச்சலும் வீக்கமும் அதனால்தான். விலை கூடிய ஊசியில் பாக்டீரியாவிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த புரதங்கள் இரண்டோ மூன்றோ மட்டும் இருக்கும். ஹெக்ஸாக்ஸிமில் இரண்டு, இன்ஃபான்ரிக்ஸ் ஹெக்ஸாவில் மூன்று. உடல் குறைவாகச் சீறுகிறது, கற்றுக்கொள்வதும் குறைவுதான். முன்னதை முழுச்செல் ஊசி என்றும் பின்னதைச் செல்லற்ற ஊசி என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். ஊசி குத்தும் வலி இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் தெரிவது நாலைந்து மணி நேரம் கழித்து.

முதலில் குத்தல்களை எண்ணிப் பார்த்துவிடலாம், பலர் இதைக் கவனிப்பதில்லை. அரசு அட்டவணையில் ஆறாவது வாரம் இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோகாக்கல் (நிமோனியாவைத் தரும் இன்னொரு கிருமிக்கான ஊசி), வலது மேல்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. போலியோ ஊசி, ஆக மூன்று. பத்தாவது வாரம் பென்டா மட்டும். பதினான்காவது வாரம் மறுபடி மூன்று. மொத்தம் ஏழு. தனியாரிடம் ஒவ்வொரு முறையும் ஆறு நோய் ஊசி ஒன்று, நிமோகாக்கல் ஒன்று என மூன்று தவணைக்கு ஆறு. அத்தனை செலவுக்கும் மிச்சமாவது ஒரே ஒரு குத்தல்.

பக்கவிளைவுக் கணக்கு

முழுச்செல் ஊசிக்குப் பின் சுமார் பாதிக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். அதே அளவு குழந்தைகளுக்குத் தொடையில் வலி இருக்கும், சிடுசிடுப்பும் இருக்கும். சிவப்பும் வீக்கமும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஊசி போட்ட நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். நூற்றில் ஒரு குழந்தை மூன்று மணி நேரத்துக்கும் மேல் விடாமல் அழும். இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்தே போட வேண்டிய ஊசி இது. "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கெடுதல் செய்கிறார்கள். நள்ளிரவில் 102 டிகிரி பார்த்துப் பதறும் பெற்றோர் அடுத்த தவணைக்கு வருவதே இல்லை.

அரிதானவை இரண்டு. ஒன்று வலிப்பு. இன்னொன்று குழந்தை திடீரென வெளிறி, துவண்டு, கூப்பிட்டாலும் பார்க்காமல் கிடப்பது. அமெரிக்காவில் 1981இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் இரண்டுமே தலா 1,750 தவணைக்கு ஒன்று என்ற அளவில் இருந்தன. துவண்டு கிடப்பது பெரும்பாலும் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். தானாகச் சரியாகிவிடும், பின்னால் பாதிப்பு எதுவும் வைப்பதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும், காரணம் ஊசிதானா என்பதை வீட்டில் வைத்து முடிவு செய்ய முடியாது. உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை சுமார் பத்து லட்சம் தவணைக்கு ஒன்று. அது எந்தத் தடுப்பூசிக்கும் பொதுவானது, செல்லற்ற ஊசிக்கும்தான். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது இதற்காக.

செல்லற்ற ஊசியில் இவை எல்லாமே குறைகின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் காய்ச்சலே வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அதே நாளில் நிமோகாக்கல் ஊசியும் போடுவதால் கணிசமான குழந்தைகளுக்கு உடம்பு சுடத்தான் செய்யும். பணம் கட்டியும் காய்ச்சல் வந்துவிட்டதே என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

மூளை பாதிக்கும் என்ற பழைய பயத்தின் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. 1974இல் லண்டன் மருத்துவர்கள் சிலர் முழுச்செல் ஊசிக்குப் பின் நரம்புப் பாதிப்பு வந்த குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் பிடித்துக்கொண்டன. பிரிட்டனில் ஊசி போட்ட குழந்தைகளின் விகிதம் 77 சதவீதத்திலிருந்து 31 சதவீதத்துக்கு விழுந்தது. 1977 முதல் 1979 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் வந்தது. ஜப்பானில் 1974-75 குளிர்காலத்தில் ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்ததும் ஊசியையே நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியபோது மக்கள் வரவில்லை. 1979இல் பதின்மூன்றாயிரம் பேருக்கு நோய், 41 பேர் மரணம். செல்லற்ற ஊசி 1981இல் ஜப்பானில் பிறந்ததே இந்த நெருக்கடியில்தான். பயந்துபோன மக்களை மறுபடி ஊசிக்கு அழைத்துவர ஒரு மிதமான ஊசி தேவைப்பட்டது, கண்டுபிடித்தார்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்தது.

மூளைப் பாதிப்பின் மர்மம் 2006இல் பெருமளவு அவிழ்ந்தது. ஊசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 11 பேருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம் இருந்தது. டிராவே என்ற கடும் வலிப்பு நோய்க்குக் காரணமான மாற்றம் அது. முதல் வலிப்பு ஏதாவதொரு காய்ச்சலில் வந்தே தீரும்; அது ஊசிக் காய்ச்சலாக அமைந்துவிட்டது.

பாதுகாப்பு எத்தனை காலம்

முதல் ஓரிரு வருடம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால்தான் "என் பிள்ளைக்கு வலியில்லாததுதான் போட்டேன், நன்றாகத்தானே இருக்கிறான்" என்று யாரும் சொல்லலாம். வேறுபாடு பள்ளிக்கூட வயதில் வெளிப்படும்.

அமெரிக்கா 1990களில் முழுக்கச் செல்லற்ற ஊசிக்கு மாறியது. 2010இல் கலிபோர்னியாவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான், பத்துக் கைக்குழந்தைகள் மரணம். அங்கே ஐந்தாவது தவணை முடித்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒவ்வொரு வருடம் கழியும்போதும் நோய் வரும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம் கூடிக்கொண்டே போனது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1998இல் பிறந்த குழந்தைகள் ஒரு தற்செயலான ஒப்பீடாக அமைந்தார்கள், ஏனென்றால் அங்கே முழுச்செல்லிலிருந்து செல்லற்ற ஊசிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. முதல் மூன்று தவணையும் செல்லற்றதாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு, பத்து வருடம் கழித்து, முழுச்செல் போட்டவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் கக்குவான் வந்தது. உடல் முதன்முதலாகக் கிருமியை எந்த உருவில் பார்க்கிறதோ அது நெடுநாள் தங்குகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

இன்னொன்றும் உண்டு. பபூன் குரங்குகளில் நடந்த சோதனையில், செல்லற்ற ஊசி போட்டவற்றுக்கு நோய் வரவில்லை, ஆனால் தொண்டையில் கிருமி வாரக்கணக்கில் குடியிருந்து பக்கத்துக் கூண்டுக்கும் பரவியது. முழுச்செல் போட்ட குரங்குகளில் கிருமி சீக்கிரம் வெளியேறியது. மூத்த பிள்ளைக்கு நோய் தெரியாமலேயே தொட்டில் குழந்தைக்குப் போகலாம் என்பது இதன் பொருள். கக்குவானில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மூன்று மாதம்கூட நிரம்பாத குழந்தைகள். அந்த வயதில் 'ஊப்' என்ற இழுப்புச் சத்தம்கூட வராது. மூச்சு நின்று உடல் நீலம் பாரிக்கும்.

இவற்றை வைத்துத்தான் இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013இல் முதல் மூன்று தவணைக்கு முழுச்செல் ஊசியையே முன்னிறுத்தியது. உலக சுகாதார நிறுவனமும் 2015இல், முழுச்செல் ஊசி போடும் நாடுகள் அதையே தொடரட்டும் என்றது. பின்னால் கூடுதல் தவணைகளை உறுதியாகக் கொடுக்க முடிகிற நாடுகள் மட்டும் மாறலாம். நம் ஊரில் ஒன்றரை வயது ஊசியையும் ஐந்து வயது ஊசியையும் எத்தனை வீடுகள் மறந்துவிடுகின்றன என்று யோசித்தால் அந்த நிபந்தனையின் கனம் புரியும். கேரளத்தின் மலப்புரத்தில் 2016இல் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகள் இறந்ததற்குப் பின்னணி, ஊசி போடாததும் தவணைகளைப் பாதியில் விட்டதும்தான்.

யாருக்கு விலை கூடிய ஊசி நியாயம்

முந்தைய தவணையில் குழந்தை துவண்டு கிடந்திருந்தால், மூன்று நாளுக்குள் வலிப்பு வந்திருந்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாது அழுதிருந்தால், காய்ச்சல் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியிருந்தால், அடுத்ததைச் செல்லற்றதாகப் போடுவது சரியான முடிவு. கட்டுக்குள் இருக்கும் வலிப்பு நோய் உள்ள குழந்தைக்கும் அப்படியே. வலிப்பு அடங்காமல் இருந்தால், அல்லது நரம்பு நோய் நாளுக்கு நாள் முற்றிக்கொண்டிருந்தால், முதலில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து நிலைப்படுத்திவிட்டுத்தான் எந்த ஊசியும்.

முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, ஏழு நாளுக்குள் நினைவிழப்போடு மூளைப் பாதிப்பு நேர்ந்திருந்தாலோ கதை வேறு. "வலியில்லாததைப் போட்டுக்கொள்ளலாம்" என்பது அங்கே செல்லாது. கக்குவான் பகுதியே கூடாது, எந்த வடிவிலும்.

குடும்பத்தில் யாருக்கோ சின்ன வயதில் காய்ச்சல் வலிப்பு வந்தது, குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைவு, மூக்கொழுகல் இவை எதுவும் முழுச்செல் ஊசிக்குத் தடை அல்ல. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்துதான் ஆறு வாரக் கணக்கு. "கொஞ்சம் தேறட்டும்" என்று தள்ளிப்போடுவதில் யாரும் எதிர்பாராத ஒரு விபரீதம் இருக்கிறது: காய்ச்சல் வலிப்பு வரும் வயது ஆறு மாதத்துக்கு மேல்தான். ஆறு வாரத்தில் போட்டால் காய்ச்சல் வந்தாலும் வலிப்புக்கான வாய்ப்பு மிகக் குறைவு. தள்ளிப்போட்டு எட்டாம் மாதம் போட்டால், பயந்த ஆபத்தை நாமே தேடிப் போகிறோம்.

மருத்துவக் காரணம் இல்லாத ஒரு சூழ்நிலையிலும் செல்லற்ற ஊசியே மேல். முதல் தவணைக்குப் பின் வீடே மிரண்டுபோய், இனி ஊசியே வேண்டாம் என்று தாத்தா பாட்டி நிற்கிறார்கள் என்றால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். நேரத்துக்குப் போட்ட செல்லற்ற ஊசி, போடாமல் விட்ட முழுச்செல் ஊசியைவிடப் பல மடங்கு நல்லது.

பணம் இருக்கிறது, எதில் போடலாம்?

செல்லற்ற ஊசி மூன்று தவணைக்குப் பத்தாயிரம் வாக்கில் ஆகும், மருத்துவர் கட்டணம் தனி. அதில் ஒரு தவணைக்கான பணத்துக்குள்ளேயே கர்ப்பிணித் தாய்க்குக் கக்குவான் பகுதியும் சேர்ந்த டிடாப் ஊசி போட்டுவிடலாம். 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். பிறந்தது முதல் ஆறாம் வாரம் வரை, குழந்தைக்கு வேறெந்தக் கவசமும் இல்லாத நாட்களில், அது காக்கும். இங்கிலாந்தில் 2012இல் இதைத் தொடங்கியபோது மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 91 சதவீதம் பலன் தெரிந்தது. நம் அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிக்குக் கிடைப்பது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி ஊசி. அதில் கக்குவான் பகுதி இல்லை. செலவழிக்க மனமிருப்பவர்கள் முதலில் இங்கே செலவழிக்க வேண்டும், குழந்தையின் ஓர் இரவுக் காய்ச்சலைத் தவிர்ப்பது அதற்கு அப்புறம்தான். அரசு அட்டவணையில் இல்லாத பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, டைஃபாய்டு ஊசிகளும் அடுத்து வரிசையில் நிற்கின்றன.

தனியாரிடம்தான் போடுவதென்றால் பெட்டியை வாங்கிப் படியுங்கள். 'ஆறு நோய் ஊசி' என்றாலே வலியில்லாதது என்று அர்த்தமில்லை. ஈஸிசிக்ஸ், ஷான்6 இரண்டிலும் இருப்பது முழுச்செல் கக்குவான்தான். ஹெக்ஸாக்ஸிம் சிரிஞ்சிலேயே திரவமாக நிரப்பி வரும். இன்ஃபான்ரிக்ஸ் ஹெக்ஸாவில் ஹிப் பகுதி மட்டும் தனிக் குப்பியில் தூளாக இருக்கும்; சிரிஞ்சில் உள்ளதை அதில் விட்டுக் கலக்கி, மறுபடி உறிஞ்சித்தான் போட வேண்டும். அவசரத்தில் தூளை விட்டுவிட்டால் ஹிப் பாதுகாப்பே கிடைக்காது, வெளியே யாருக்கும் தெரியவும் தெரியாது. கலக்குவதைக் கண்ணால் பாருங்கள்.

குளிர்பதனத்தையும் விசாரிக்கலாம். இந்த ஊசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் வீணாகிவிடும், போட்ட இடத்தில் கட்டியும் வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசிக்கென்றே தனிப் பெட்டி, தினமும் இருவேளை வெப்பநிலைக் குறிப்பு. சிறிய கிளினிக் சிலவற்றில் வீட்டு ஃபிரிட்ஜின் உறைப்பெட்டிக்கு அடியில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

அன்றைய இரவு

ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தை குறைவாக அழும். போட்ட இடத்தைத் தேய்க்கவோ சூடு ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். பட்டாணி அளவில் கட்டிபோல் சில வாரம் இருந்தால் விட்டுவிடலாம். அது நாளுக்கு நாள் பெரிதாகி, சூடாகி, சீழ் வைத்தால் காட்ட வேண்டும்.

பாராசிட்டமாலைக் காய்ச்சல் வருமுன்னே கொடுக்க வேண்டாம். அப்படிக் கொடுத்த குழந்தைகளில் சில ஊசிகளுக்கு எதிர்ப்பொருள் குறைந்தது 2009இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. 100.4 டிகிரி தாண்டிக் குழந்தை சிணுங்கினால், எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். ஊசி போட்டதும் செவிலியரிடம் அளவை மி.லி. கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரும் தவறு நடப்பது இங்கேதான். சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி.; சாதாரண சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. நாலரைக் கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்து 0.6 மி.லி. போதும், சிரப் என்றால் 2.5 மி.லி. மூத்த பிள்ளைக்கு வாங்கிய சிரப்பின் நினைவில், சொட்டு மருந்தை 2.5 மி.லி. ஊற்றினால் ஒரே வேளையில் 250 மி.கி. போய்விடும், தேவையைப் போல் நான்கு மடங்கு. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ அதை ஊசியின் தலையில் கட்ட வேண்டாம். அது வேறு தொற்றாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம்.

பாதியில் மாறுகிறவர்களுக்கு

அரசில் முதல் தவணை, தனியாரில் இரண்டாவது என்று மாறலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தவணைகளுக்கு இடையே நான்கு வாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு வயது வரை பென்டாவைத் தொடங்கலாம், அதற்குப் பின் ஏழு வயது வரை முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி). வெளியே ஆறு நோய் ஊசி போட்டாலும் போலியோ சொட்டு மருந்துக்குச் சுகாதார நிலையத்துக்கு வந்து போவது நல்லது. அப்போதே தனியாரில் போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லித் தாய் சேய் அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள், பெட்டியின் ஒட்டுச்சீட்டு இருந்தால் அதையும் ஒட்டி வைக்கலாம். ஒன்றரை வயது ஊசிக்கு வரும்போது முதல் மூன்றும் எந்த வகை என்று அவர் கேட்பார்.